கண்ணயர்ந்ததே காரணமா?

கேள்வி: அதிகாலை விபத்து என்றாலே ‘ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம்’ என்று நாளிதழ்கள் முடித்துவிடுகின்றன. அதே நாளிதழின் இணைப்பிதழ், படுக்கும் முன் கசகசாப் பால் குடிக்கச் சொல்கிறது. லாரி ஓட்டுநரின் மனைவியான எனக்கு இரண்டுமே குறையாகத் தெரிகின்றனவே?
– வாசகி, நாமக்கல்

பதில்: அந்த ஒரு வரி பெரும்பாலும் பொய்யாக இராது, ஆனால் விசாரிக்கத் தொடங்க வேண்டிய இடத்தில் செய்தி முடிந்துவிடுகிறது. அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை உடலின் உள்கடிகாரமே விழிப்பைத் தளர்த்துவதால், எவ்வளவு அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் சில விநாடிகள் நினைவு நழுவக்கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 3 விநாடி என்பது ஏறத்தாழ 67 மீட்டர். வண்டியை அவர் எப்போது எடுத்தார், முந்தைய இரவு எங்கே படுத்தார், மாற்று ஓட்டுநர் உடன் இருந்தாரா, சரக்கை எத்தனை மணிக்குள் இறக்கச் சொல்லியிருந்தார்கள் என்பவை அல்லவா கேட்கப்பட வேண்டியவை? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளொன்றுக்கு 8 மணி நேரம், நெடுந்தூரப் பயணமானால் 10 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. அத்தகைய வரம்பு மீறப்பட்டதா என்று ஆராய்ந்த விபத்துச் செய்தியை நான் அரிதாகவே படித்திருக்கிறேன். செய்தி காவல் நிலையத்திலிருந்து வருகிறது. முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண்ணுக்கு இடம் உண்டு, ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதற்கு இல்லை.

கசகசாப் பாலை நான் பழிக்கமாட்டேன். என் பாட்டி கொடுத்துக் குடித்தவன்தான். ஆயினும், மாதக்கணக்கில் உறக்கம் வராதவர்களுக்கு மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது, படுக்கும் நேரத்தையும் ‘இன்றும் தூக்கம் வராதோ’ என்ற அச்சத்தையும் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சையைத்தான். இணைப்பிதழ்களில் அதற்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: குறட்டை மட்டும் ஏன் எப்போதும் நகைச்சுவைத் துணுக்காகவே வருகிறது?
– வாசகர், சிவகாசி

பதில்: கும்பகர்ணன் காலத்துப் பழக்கம்! 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹரி மறைந்து, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அவருக்கு இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தபோது, குறட்டை சில நாள்கள் மருத்துவப் பக்கத்துக்கு ஏறியது. பிறகு துணுக்குக்கே இறங்கிவிட்டது. உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் சத்தம் அடங்கி, திணறி விழிப்பவருக்குப் பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும் கண் சொருகும். நாமக்கல் வாசகியின் கணவருக்கும் அந்த அறிகுறிகள் இருந்தால், அடுத்த நடைக்கு முன் நுரையீரல் மருத்துவரிடம் உறக்கப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடட்டும்.