நீங்கள் மிகவும் மதிக்கும் இஸ்லாமிய மார்க்க அறிஞர் யார்? ஏன்?

இந்தக் கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி, இமாம் புகாரி, இமாம் ஷாஃபி (ரஹ்) என்று பதில் வருவது இயல்புதான். அவர்கள் இல்லாமல் நம் மார்க்கக் கல்வியே இல்லை. ஆனால் என் மனசில் முதலில் வருவது நம் ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படாத ஒரு பெயர்: நானா அஸ்மாவு. இன்றைய நைஜீரியாவின் வடமேற்கில், சொக்கோட்டோவில் வாழ்ந்தவர். பிறந்தது 1793. ஆலிமா, கவிஞர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆசிரியை.

நான் எங்கள் ஊர் மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். அதனால் எந்த அறிஞரைப் பற்றிப் படித்தாலும், இவர் படித்ததெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அஸ்மாவு அளவுக்கு இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் வைத்திருந்தவர்கள் குறைவு.

அவருடைய வாப்பா ஷெய்கு உஸ்மான் டான் ஃபோடியோ. மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றில் பெரிய பெயர். காதிரிய்யா என்ற சூஃபி தரீக்காவைச் சேர்ந்த அறிஞர். அவரே சிறுவயதில் தம் தாயிடமும் பாட்டியிடமும் ஓதியவர். அந்தக் குடும்பத்தில் பெண்கள் கற்பதும் கற்பிப்பதும் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அஸ்மாவுவின் அக்கா கதீஜா, மாலிகி மத்ஹபின் முக்கியமான சட்ட நூலான கலீலின் முக்தஸரை, ஃபுலானி மக்களின் ஃபுல்ஃபுல்டே மொழியில் ஆக்கித் தந்தவர். அந்த நூலை அரபியில் ஓதி முடிப்பதே பெரிய காரியம்.

ஷெய்குவின் பயான்களுக்குப் பெண்கள் வருவதைச் சில ஆலிம்கள் கண்டித்தார்கள். போர்னூ நாட்டு ஆலிம் ஒருவர் பாட்டாகவே எழுதி அனுப்பினார்: பெண்கள் வருவதைத் தடுங்கள் என்று. ஷெய்குவின் தம்பி அப்துல்லாஹ் அதற்குப் பாட்டிலேயே பதில் சொன்னார். பெண்களை அறியாமையில் விட்டுவிடுவது இதைவிடப் பெரிய கேடு என்பதுதான் பதிலின் சாரம்.

ஷெய்கு இன்னும் கடுமையாக எழுதினார். மனைவியையும் மகளையும் வீட்டில் ஒன்றும் தெரியாதவர்களாக விட்டுவிட்டு வெளியே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆலிம்களைப் பார்த்துக் கேட்டார். பெண்களைப் பாத்திரம் போலப் புழங்கிவிட்டு, உடைந்ததும் குப்பைமேட்டில் எறிகிறீர்களே என்றார். பெண்களிடமும் நேரடியாகப் பேசினார்: கணவனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்கிறவர்கள், அதற்கு முன்னால் அல்லாஹ்வுக்கும் ரசூலுக்கும் கீழ்ப்படியச் சொல்லித் தந்தார்களா? சமைப்பதும் துணி துவைப்பதும் அல்லாஹ் உங்கள்மேல் விதித்த கடமையா? இருநூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்து இது. இந்தப் பகுதியை எங்கள் ஊர் ஜும்ஆ மேடையில் ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் அஸ்மாவு. இரட்டையில் ஒருவர், கூடப் பிறந்தவர் ஹசன். தாய் மைமூனா அவர் சிறுபிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். 1804-ல் கோபிர் அரசனோடு மோதல் முற்றி, ஷெய்கு தம் கூட்டத்தோடு தாம் வாழ்ந்த டெகல் ஊரை விட்டு ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) போனார். அப்போது அஸ்மாவுக்கு வயது 10. பிறகு போர், பஞ்சம், இடம் மாறி இடம் மாறி வாழ்க்கை. அதற்கு நடுவில்தான் அவர் ஓதினார். பதின்மூன்று பதினாலு வயதில் கிடாடோ என்பவரோடு நிக்காஹ். கிடாடோ, அஸ்மாவுவின் அண்ணன் முகம்மது பெல்லோவின் நெருங்கிய தோழர். அந்தப் போரில் வென்று ஷெய்கு நிறுவியதுதான் சொக்கோட்டோ கிலாஃபத். 1817-ல் அவர் மறைந்து பெல்லோ கலீஃபாவாக ஆட்சிக்கு வந்தபோது கிடாடோ வஸீர் (முதன்மை அமைச்சர்) ஆனார்.

அரபி, ஃபுல்ஃபுல்டே, ஹவுஸா, துவாரெக் மக்களின் தமாஷெக் என நாலு மொழி அவருக்குத் தெரியும். இன்று கிடைப்பவை மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட படைப்புகள், பெரும்பாலும் செய்யுள். எந்த மொழியில் எதை எழுதுவது என்பதில் அவர் வைத்திருந்த கணக்கு என்னை மிகவும் ஈர்த்தது. ஆலிம்களுக்கு எழுதும்போது அரபி. நோய்க்கு ஓதும் சூராக்களைப் பற்றி 1839-ல் எழுதிய நூல் அரபியில்தான் இருக்கிறது. தம் ஃபுலானி உறவினர்களுக்கு ஃபுல்ஃபுல்டே. நாட்டில் பெரும்பான்மையான சாதாரண ஜனங்களுக்கு ஹவுஸா. வாப்பா ஃபுல்ஃபுல்டேயில் பாடியதை ஹவுஸாவுக்குக் கொண்டுவந்தார். ஈரடிப் பாடல்களுக்கு மூன்று அடி கூட்டி ஐந்தடியாக்கும் தக்மீஸ் முறையிலும் நிறையச் செய்தார்.

குர்ஆனின் 114 சூராக்களின் பெயர்களும் வரிசையாக வரும்படி ஒரு பாட்டுக் கட்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு துஆ. ஆனால் அதை மனப்பாடம் செய்தவளுக்கு முழுக் குர்ஆனின் பொருளடக்கமும் கைக்கு வந்துவிடும். ஆசிரியைக்கு ஒவ்வொரு வரியும் ஒரு பாடம் தொடங்கும் இடம். இந்தச் சூரா எங்கே இறங்கியது, எதைப் பற்றிப் பேசுகிறது என்று அங்கிருந்து விரித்துக்கொண்டே போகலாம். பெல்லோ எழுதி அனுப்பிய ஒன்றுக்கு 1822-ல் பதிலாக ஒரு பாட்டு எழுதினார். "கஷ்டத்தோடு இலேசும் இருக்கிறது" என்ற ஆயத்தின் எழுத்துகள் ஒவ்வொன்றும் அடிகளின் தொடக்கத்தில் வரும்படி அமைத்தது. அண்ணனும் தங்கையும் இப்படி எழுத்தில் பேசிக்கொண்டார்கள். பெல்லோ ஸாலிஹான பெண்களைப் பற்றி உரைநடையில் எழுதியதை இவர் மனப்பாடம் செய்யத் தோதான செய்யுளாக்கினார்.

இதுவரை சொன்னது அறிஞர் அஸ்மாவு. நான் மதிப்பது இதற்கு அடுத்த பகுதியை.

போர் முடிந்த நாட்டில் கிராமம் கிராமமாகப் பெண்கள் இருந்தார்கள். ஊர் இழந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். தொழுகை தெரியாது, அதற்கு முன் கை கால் முகம் கழுவும் வுளூ தெரியாது. போரி என்ற ஆவி வழிபாட்டில் ஊறியவர்கள் பலர். அவர்களால் சொக்கோட்டோவுக்குப் படிக்க வர முடியாது. பிள்ளை பெற்று வளர்க்கும் வயதில் இருப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதே கஷ்டம். அஸ்மாவு 'யன் தரு' என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஒவ்வொரு ஊர்க் குழுவுக்கும் 'ஜாஜி' என்று ஒரு தலைவி. பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்களையும், கல்யாணமாகாத சிறுமிகளையும் அந்த ஜாஜி கூட்டிக்கொண்டு நடந்து சொக்கோட்டோவுக்கு வருவாள். அஸ்மாவு அவர்களுக்குப் பாட்டைச் சொல்லித் தந்து, பொருள் விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்புவார். அவர்கள் ஊருக்குத் திரும்பி, வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே போய்ச் சொல்லித் தருவார்கள். வரும்போது தானியம், வெண்ணெய், தேன், துணி என்று கையில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். அதை அவர் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பங்கிட்டுவிடுவார்.

ஒவ்வொரு ஜாஜிக்கும் பனையோலையில் முடைந்த பெரிய தொப்பி ஒன்று கொடுத்து, அதைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிவிட்டார். 'மல்ஃபா' என்பார்கள். கோபிர் நாட்டில் போரி வழிபாட்டுக்குத் தலைமை தாங்கிய பெண்ணின் அடையாளமாக இருந்தது அந்த மாதிரித் தொப்பி. ஜனங்கள் ஏற்கனவே மரியாதை கொடுத்துப் பழகிய ஒன்றை எடுத்துத் தம் ஆசிரியைகளின் தலையில் வைத்தார். அந்தத் தொப்பியோடு ஒருத்தி ஊருக்குள் நுழைந்தால், அவள் அஸ்மாவு அனுப்பியவள் என்று எல்லோருக்கும் தெரியும். வழியில் யாரும் அவளைத் தடுத்துப் பேசிவிட முடியாது. ஒரு பெண் தனியாக நடந்துபோய்ப் பாடம் சொல்ல வேண்டுமானால் அவளுக்கு அறிவோடு ஓர் அந்தஸ்தும் வேண்டும். அதைப் புரிந்துகொண்ட ஆசிரியை அவர்.

ஹவ்வா என்ற ஜாஜி இறந்தபோது 1858-ல் அஸ்மாவு இரங்கற்பா எழுதினார். வெயில் காலம், மழைக் காலம், அறுவடைக் காலம், ஹர்மத்தான் காற்று வீசும் குளிர் காலம் எல்லாவற்றிலும் அவள் பெண்களைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வரும் வழியில் இருந்தாள் என்று அதில் சொல்கிறார். வஸீரின் மனைவி, கலீஃபாவின் தங்கை, கிராமத்து ஆசிரியை ஒருத்திக்கு எழுதியது இது. அவருடைய மற்ற இரங்கற்பாக்களிலும் நான் கவனித்தது, குலப்பெருமை குறைவு. சண்டையைத் தீர்த்து வைத்தவள், பிரசவத்துக்கு உதவியவள், மய்யித்தைக் குளிப்பாட்டியவள், அண்டை வீட்டாரிடம் நல்லபடி நடந்தவள் என்று அப்பெண்கள் செய்த காரியங்களைத்தான் சொல்கிறார்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. சொக்கோட்டோ ஆட்சி அடிமைகளின் உழைப்பில் நின்ற ஆட்சி. அவர் பாடம் சொன்ன பெண்களில் சிலர் அங்கே வந்து சேர்ந்ததே அந்த ஆட்சி நடத்திய போர்களால்தான். அந்தப் போர்களின் வெற்றியை அஸ்மாவு பாட்டாகவும் பாடியிருக்கிறார். இதை வாசிக்கும்போது எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனசில்லை. அந்தப் பெண்களுக்கும் அல்லாஹ்வைப் பற்றி அறிய உரிமை உண்டு என்று அவர் நினைத்ததும், அவர்களைச் சிறைபிடித்த அமைப்பை அவர் எதிர்க்கவில்லை என்பதும் இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும்.

நம் பக்கத்தோடு அவருக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஹவுஸாவையும் ஃபுல்ஃபுல்டேயையும் அவர் எழுதியது அரபி எழுத்தில். அதை 'அஜமி' என்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பெண்கள் தலைமுறைகளாக ஓதிவந்த, தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வருகின்றனவா? அதே 19-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அரபி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த, அரபி மொழி தெரியாத ஜனங்களுக்குத் தாய்மொழியில் மார்க்கத்தைக் கொண்டுபோக வேண்டிய தேவை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தது. என் உம்மம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தொழுகையின் ஃபர்ளுகளை (கட்டாயக் கடமைகளை) அவர் பாட்டாகத்தான் சொல்வார், ஒன்றுகூட விடாமல். பாட்டாக மனசில் பதிந்தது எழுத்தறிவை எதிர்பார்ப்பதில்லை.

என் வகுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று வயசானதும் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருக்கும். வயசுக்கு வந்துவிட்டாள், இனி வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். வருத்தப்பட்டுக்கொண்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பதுதான் என் வழக்கமாக இருந்தது. அஸ்மாவுவைப் படித்த பிறகு, தெருவுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து, பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தாய்மார்கள், வாராவாரம் பாடத்தை அவர்களிடம் சொல்லி அனுப்ப ஆரம்பித்திருக்கிறோம். தொப்பி இல்லை. ஆனால் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சொல்லி, இவர்கள் மதரஸாவின் ஆசிரியைகள் என்று எல்லோர் முன்னாலும் அறிவிக்கச் செய்தோம். அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் சில வீடுகளின் கதவு திறந்தது.

அஸ்மாவு 1860-களின் நடுவில் வஃபாத் ஆனார். சொக்கோட்டோவில் வாப்பாவின் அடக்கத்தலம் இருக்கும் வளாகத்திலேயே அடக்கம். அவருக்குப் பின் தங்கை மர்யம் பெண்களின் கல்வியை நடத்தினார். யன் தரு வழி இன்றும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவிலும் முஸ்லிம் பெண்கள் சிலர் அதே பெயரில் படிப்பு வட்டங்கள் நடத்துகிறார்கள். ஓலைத் தொப்பி உட்பட.

அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் குடும்பம் பாதுகாத்து வைத்திருந்தது. அஸ்மாவு, கிடாடோ வழிவந்த வஸீர் ஜுனைது அவற்றைக் காட்டிக் கொடுக்க, ஜீன் பாய்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பல வருஷம் அங்கேயே இருந்து மொழிபெயர்த்தார். பெவர்லி மாக் என்ற அமெரிக்கப் பேராசிரியையோடு சேர்ந்து அவர் தொகுத்த முழுத் தொகுப்பு 1997-ல் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதில் ஹவ்வா இரங்கற்பாவிலிருந்து தொடங்குங்கள். ரொம்பச் சின்னப் பாட்டுதான். தமிழில் கொண்டுவர யாருக்காவது எண்ணம் இருந்தால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்.