பீச் மரத்துக்குச் செய்யும் கோடைக் கவாத்தைக் கொய்யாவுக்கும் செய்யலாமா?

கேட்டிருப்பது இது: காணொளியில் பீச் மரத்தைக் கோடையில் வெட்டுகிறார்கள், திருவையாற்றுப் பக்கம் எங்கள் கொல்லையில் நிற்கும் கொய்யாவையும் மே மாதத்தில் அப்படி வெட்டினால் பழம் பெரிதாகுமா?

வேண்டாம். பீச்சிலேயே கோடைக் கவாத்து பழத்தைப் பெரிதாக்குவதில்லை. நடுமரத்தில் நெட்டுக்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்து எனும் வீண்கிளைகளைக் களைந்தால் வெயில் உள்ளே இறங்கும், பழத்தோல் நன்றாகச் சிவக்கும். அடுத்த ஆண்டுப் பூமொட்டு இந்தக் கோடையில் வளரும் கிளையில்தான் உருவாகிறது; நிழலில் வாடும் கீழ்க்கிளைகளுக்கும் அந்த வெளிச்சம் வேண்டும். ஆனால் பழத்துக்குச் சர்க்கரை தருவது இலை. கை மீறி வெட்டினால் பழம் சிறுக்கும், இனிப்பு குறையும், வெயில் பட்டுக் கிளைப்பட்டை வெந்துபோகும். பெரிய பழம் வேண்டுமென்றால் அங்கே பிஞ்சைக் கலைக்கிறார்கள்: சுமார் 15 செ.மீ.க்கு ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறிகிறார்கள். நம் வீடுகளில் இதற்கு யாருக்கும் மனம் வராது!

பீச் என்பது கொடைக்கானல், நீலகிரி போன்ற இடங்களின் குளிரில் உறங்கி எழும் மரம். போன வருடக் கிளையில் பூக்கும். கொய்யா புதுத்தளிரின் இலைக்கணுவில் பூக்கும். ஆகவே கொய்யாவில் வெட்டுவதே பூவை வரவழைக்கத்தான். முந்தைய பருவத்து நுனிக்கிளைகளை 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு, பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

டெல்டாவுக்கு என் ஓட்டு பிப்ரவரிக்கு. செப்டம்பரில் வெட்டினால் துளிர்த்துப் பூக்கும் நேரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை பிடித்துக்கொள்ளும். களிமண் கொல்லையில் தண்ணீர் வடியவும் நாளாகும். பிப்ரவரியிலும் ஒரு சிக்கல் உண்டு. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், ஜூன் 12 வரை வாய்க்காலை நம்ப முடியாது. போர் தண்ணீர் இருந்தால் மட்டும் கத்தியை எடுங்கள்.

மே மாதத்தில் வெட்டினால் மரத்தில் இருக்கும் பூவும் பிஞ்சும்தான் கீழே விழும். அக்னி நட்சத்திர வெயிலும் வெட்டிய கிளையைச் சும்மா விடாது. இப்போதைக்கு அடிமரத்துப் போத்துகளை மட்டும் கிள்ளுங்கள். காய்ப்பு முடிந்ததும் நெட்டையாக வளர்ந்த கிளைகளை மெல்ல வளைத்து, தரையில் முளை அடித்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வளைந்த கிளை நெடுகப் பக்கத்துளிர் வெடித்துப் பூக்கும். வெட்டுவதைவிட எனக்கு இதுதான் பிடித்த வேலை.