ஸ்ட்ரீமிங் செயலிகளில் நல்ல கர்நாடக இசைப் பதிவுகளை எப்படித் தேடிப் பிடிப்பது?

ராகத்தின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். 'தோடி' என்று தேடினால் இந்துஸ்தானி தோடியும் வந்து நிற்கும். அது வேறு ராகம். நம் காதுக்குச் சுபபந்துவராளி என்ற கர்நாடக ராகம் போல ஒலிக்கும். அதனால் பாடகர் பெயர், கிருதியின் (பாடலின்) தொடக்கம், ராகம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஆங்கில எழுத்தில் என்றால் தோடியை 'Todi' என்று ஒரு முறை, 'Thodi' என்று ஒரு முறை தேட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் அருமையான பதிவுகள் இப்படித்தான் அகப்படுகின்றன.

ஆண்டை நம்ப வேண்டாம். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் வாசிப்பின் கீழே 2005 என்று இருந்தால், அது மறுவெளியீடு செய்த ஆண்டு. ஒரே பதிவு வேறு வேறு உறைகளோடு பல தடவை வரும். ஒவ்வொன்றையும் அரை நிமிடம் கேட்டுப் பாருங்கள். இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று நாதத்தையே மழுங்கடித்த பிரதிகள் உண்டு. கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லை, சீவாளியின் (நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியின்) கூர்மை காதில் விழ வேண்டும்.

அப்புறம், டிராக்குகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். கச்சேரி ஆல்பங்களில் ஆலாபனை (பாடலுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடுவது), கிருதி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று தனித்தனி டிராக்காக வெட்டியிருப்பார்கள்; ஷஃபிள் இருந்தால் அந்த வரிசை குலைந்துவிடும்.