கடலை மிட்டாய் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து, ஓரம் உடைந்து பாதிப் பல்லாக நிற்கின்றன. கீழ்ப் பற்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. எல்லாம் என் மாமியார் கொடுக்கும் செல்லம். எல்.கே.ஜி. விட்டு வரும் பேரனுக்கு தினமும் நாலு மணிக்குக் கடலை மிட்டாய். கேட்டால், "வெல்லம்தானே, நாங்கள் தின்னாததா?" என்கிறார். மற்றபடி அவன் சமர்த்து. இரவு சத்து பானப் பவுடரும் சர்க்கரையும் கலந்த பாலைப் பாட்டிலில் கொடுத்தால், குடித்துக்கொண்டே தானாகத் தூங்கிவிடுவான். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்கிறார் கணவர். மாமியாரை எப்படித் திருத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வில்லிவாக்கம்

பதில்: மாமியார் இருக்கட்டும். 'கீழ்ப் பற்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். கடலை மிட்டாய் கடைவாயில் அரைபடுகிற பண்டம். ஒட்டிக்கொள்வதும் கடைவாய்ப் பல்லின் குழிகளில்தான். அது மேல் முன்பற்களை மட்டும் தேடிப் பிடித்து அரிக்குமா?

அரித்தது பாட்டில். வாயில் பாட்டிலோடு தூங்கும் பிள்ளையின் நாக்கு கீழ் முன்பற்களை மூடிக்கொள்கிறது. நாக்குக்கு அடியில் ஊறும் எச்சிலும் அவற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள நான்கு பற்களுக்கும் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இனிப்புப் பால் அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. குழந்தைகள் பல் மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்ததுமே, "ராத்திரி பாட்டில் உண்டா?" என்று கேட்பது இதனால்தான்.

பகலில் என்ன தின்றாலும் வாயில் உள்ள கிருமிகள் அதிலிருக்கும் சர்க்கரையை அமிலமாக்கிவிடும். அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். ஆனால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் அதைச் சரிக்கட்டிவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் சர்க்கரைப் பாலை வாயில் ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறீர்கள். அதில் சத்து பானம் வேறு! 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே, இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு எழுதியது. டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள்.

மாமியாரை முழுக்க விடுதலை செய்யவில்லை. பல்லுக்கு வெல்லமும் சர்க்கரைதான். ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் 1940-களில், அங்கிருந்தவர்களுக்கு ஒட்டும் டாஃபியைத் தின்னக் கொடுத்துப் பல் சொத்தையாவதைப் பார்த்தார்கள். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. படித்தால் வயிறு எரிகிறது. சாப்பாட்டோடு தின்ற சர்க்கரையைவிட, இடையிடையே ஒட்டும் பண்டமாகத் தின்றதுதான் பல்லை அதிகம் கெடுத்தது என்று அதில் தெரியவந்தது. ஆகவே கடலை மிட்டாயை நாலு மணிக்குக் கொடுக்காமல், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு துண்டு கொடுத்து, வாய் கொப்பளிக்க வைக்கச் சொல்லுங்கள். அதுவும் என்றைக்காவது ஒருநாள் போதும்.

உங்கள் கணவருக்கு: விழுகிற பல்தான், ஆனால் எப்போது விழும்? முன்பற்கள் ஆறேழு வயதில். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். அவை முன்னதாகப் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, புதுப் பல் கோணலாக வரும். வேரில் சீழ் வைத்தால் உள்ளே காத்திருக்கும் நிலைப் பல்லையும் கெடுக்கும். இதற்கு நடுவே பிள்ளை வலியில் சாப்பிடாமல் அழுவான். 'விழுந்து முளைக்கும்' என்பது செலவைத் தள்ளிப்போடச் சொல்லும் சாக்கு.

இப்போது உங்களுக்கு. 'தானாகத் தூங்கிவிடுவான்' என்பதைச் சமர்த்து என்கிறீர்கள். மூன்று பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு நான்கு வயதுப் பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்க ஆள் இல்லை. அந்த வேலையை பாட்டிலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் சமர்த்து இல்லை, வசதி. அதுவும் அவன் வசதி அல்ல. அப்பாவையும் சேர்த்தே சொல்கிறேன். பிள்ளை பெற்றவர்கள் நாளின் கடைசி அரை மணியைப் பிள்ளைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்குப் பேரம் கிடையாது. ஒரு வயது தாண்டியதும் டம்ளருக்கு மாறியிருக்க வேண்டிய பிள்ளை அவன்.

இன்றிரவே பவுடரையும் சர்க்கரையும் நிறுத்துங்கள். பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். பிறகு பாட்டிலையே எடுத்துவிடுங்கள். பால், இரவுச் சாப்பாட்டோடு டம்ளரில். அதன் பிறகு பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை வைத்து நீங்களே பல் தேய்த்துவிடுங்கள். அவனிடம் பிரஷைக் கொடுத்தால் கடித்துக்கொண்டிருப்பான். தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. நாலைந்து நாள் வீடே அதிரும்படி அழுவான். அழட்டும், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்லும் வேலையை மாமியாரிடம் விடுங்கள். உங்கள் கணவரைத் தூங்க வைத்து வளர்த்தவர் அவர்தானே? நாலு மணிக்குப் பேரனைக் கூட்டிவரும் பாட்டியைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, அவரிடம் உதவி கேட்க முடியாது.

பல் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. வீட்டு வைத்தியம் எதுவும் அதை ஒட்டவைக்காது. கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தனியார் மருத்துவமனையில் செலவு அதிகம் என்றால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. கணவரை ஒருநாள் விடுப்பு எடுக்கச் சொல்லி இந்த வாரமே போங்கள். பாட்டிலைப் பற்றி டாக்டர் கேட்டால், எத்தனை வயதிலிருந்து, அதில் என்னென்ன கலந்து என்று ஒளிக்காமல் நீங்களே சொல்லுங்கள்.