ஸ்லீவுக்குப் பிறகு எடை ஏறினால் உடனே பைபாஸா?

ஸ்லீவ் (எடை குறைக்க இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன்) செய்தும் எடை ஏறுகிறதே, இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் சின்னப் பையை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே தேதி வாங்காதீர்கள். குறைந்த 30 கிலோவில் 18 திரும்பிவிட்டது என்பது மட்டும் இன்னொரு ஆபரேஷனுக்குப் போதாது.

காலையில் ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்கவில்லை, சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டில் ஜிகர்தண்டா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரைப்பை இன்னும் சின்னதாகவே இருக்கலாம். இட்லியை நிறுத்துகிற பை, பாலையும் சர்க்கரையையும் நிறுத்தாது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரு வாரம் குடிப்பதையெல்லாம் எழுதிவையுங்கள், டீ உட்பட. அப்புறம் எண்டோஸ்கோபி, பேரியம் கரைசலைக் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே. பை விரிந்திருந்தாலோ, மருந்துக்கும் அடங்காத நெஞ்செரிச்சலால் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தாலோ பைபாஸ் பற்றிப் பேசலாம்.

மதுரையில் போர்டைப் பார்த்து டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எம்.எஸ். முடித்து, இரைப்பை குடல் அறுவையில் எம்.சிஎச். என்ற உயர்பட்டம் அல்லது பேரியாட்ரிக் (எடை குறைப்பு அறுவை) தனிப்பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். "மறு ஆபரேஷன் மட்டும் எத்தனை செய்திருக்கிறீர்கள், தையல் போட்ட இடத்தில் கசிவு எத்தனை பேருக்கு?" என்று நேராகவே கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேட்காமலே தேதி சொல்பவரிடமிருந்தும்தான்.

இன்னொன்று: இரண்டாவது முறை கசிவு, ரத்தக்கசிவு ஆபத்து முதல் முறையைவிட அதிகம். பைபாஸ் என்றால் பி12, இரும்புச்சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும்.