மாட்டுத் தொழுவத்தில் ஒரு பெட்டைக் குதிரை

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில், இரண்டரை வயது என்று சொன்னதை நம்பி ஒரு மார்வாரி பெட்டைக் குதிரை வாங்கினேன். மாட்டுத் தொழுவத்திலேயே ஒரு ஓரமாகக் கட்டியிருக்கிறேன். நெல் வைக்கோல், கோ-4 புல், காலையும் மாலையும் 2 கிலோ மாட்டுத் தீவனம் போடுகிறேன். மூன்று மாதத்தில் இரண்டு முறை வயிற்றுவலி வந்து தரையில் புரண்டது. இப்போது ஆளைக் கடிக்கவும் வருகிறது. பையன் ஏறி ஓட்ட ஆசைப்படுகிறான். கோவையில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் மாதக் கட்டணத்துக்கு விட்டுவிடலாமா?
- விவசாயி, கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: பள்ளியில் விடுவதைப் பிறகு பேசலாம். முதலில் தீனியை மாற்றுங்கள். வயிற்றுவலிக்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மாடு அசை போடும் பிராணி. வைக்கோலை விழுங்கிவிட்டு, படுத்துக்கொண்டு, திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அரைத்துச் செரித்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதன் இரைப்பை 10, 15 லிட்டர் கொண்டால் அதிகம்; நார் நொதிப்பதெல்லாம் பின்னால் பெருங்குடலில்தான். நெல் வைக்கோல் மாதிரி முரட்டுத் தீனியோடு தண்ணீரும் குறைந்தால், குடல் மடங்கித் திரும்பும் குறுகிய இடத்தில் லத்தி இறுகி அடைத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாததை வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது. வேளைக்கு 2 கிலோ அடர்தீவனம் என்பது இன்னொரு கோளாறு. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு கட்டும், முற்றினால் குளம்பு அழற்சியில் கொண்டுபோய் விடும்.

மாட்டுத் தீவனத்தை நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின் என்றொரு மருந்து கலப்பார்கள். மாடு தாங்கும் அளவு குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கூடாது. அது மூளையை அரிக்கும்.

உங்கள் குதிரை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 6, 7 கிலோ உலர்புல் வேண்டும். அதை இரண்டு வேளையாகக் கொட்டாமல் நான்கைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். காட்டில் மேயும் குதிரை நாளில் பாதிக்கு மேல் வாயை அசைத்துக்கொண்டேதான் இருக்கும். உங்கள் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) கொழுக்கட்டைப்புல்லைக் காயவைத்துப் போடலாம். ஆனால் அதிலும் கோ-4 புல்லிலும் ஆக்சலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதோடு தவிட்டையும் அள்ளிப் போட்டால் எலும்பு இளகி, வருடக்கணக்கில் முகமே வீங்கிப்போன குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்று குதிரைமசால் என்ற தீவனப்பயிர். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நாம்தான் அதை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிறோம்! தினம் 3, 4 கிலோ பச்சையாகக் கொடுங்கள். கொள்ளு போடுவதானால் வேகவைத்து ஆறவைத்து, வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் தாவாமல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வலி வந்தால்: தரையைக் காலால் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், லத்தி போடாது. உடனே தீனியை எடுத்துவிட்டு விலாவில் காதை வைத்துக் கேளுங்கள். நல்ல குடல் களகளவென்று சத்தம் போடும். நிசப்தமாக இருந்தால் விஷயம் பெரிது. தாடைக்கு அடியில் ஓடும் நாடியை விரலால் தொட்டு எண்ணுங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். 60-ஐத் தாண்டினால் மருத்துவர் வந்தே ஆகவேண்டும், காலை வரை காத்திருக்க வேண்டாம். அவர் வரும்வரை மெதுவாக நடத்தலாம். மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். புரைக்கேறி நுரையீரலுக்குப் போனால் வயிற்றுவலியில் பிழைத்தது நிமோனியாவில் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியே குழாய் விட்டுத்தான் எண்ணெய் கொடுப்பார்.

அவர் வரும்போதே, சொன்ன வயது சரிதானா என்று பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை வயதில்தான் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் ஓரத்து ஜோடி. சந்தையில் சுழி பார்க்க ஒரு மணி நேரம் செலவழிக்கிறோம், பல்லையும் குளம்பையும் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் கேட்டுப் போட்டுவிடுங்கள். இந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் இரையாகும் கால்நடை வேறில்லை. முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவினால் போதும், இப்போதைக்கு லாடம் தேவையில்லை.

கடிப்பதற்கு வருவோம். கையில் வெல்லம் வைத்து ஊட்டுகிறீர்களா? அப்படியென்றால் கடிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். இனி எதைக் கொடுத்தாலும் தொட்டியில் போடுங்கள். பழக்குவது தினம் கால் மணி நேரம் போதும். முகப்பட்டையில் கட்டிய கயிற்றை லேசாக முன்னால் இழுத்துப் பிடியுங்கள். அது முரண்டினாலும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பிடியுங்கள். ஒரு கால் முன்னால் எடுத்து வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளரவிடுங்கள். இழுப்பதில் அல்ல, விடுவதில்தான் குதிரை பாடம் படிக்கிறது. நேரம் தவறி விட்டால் நின்றதற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். சந்தையில் ஆடும் குதிரையைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக் கட்டி ஆட்டம் பழக்க ஆசைப்படாதீர்கள். பையன் ஏறுவதற்கு முன் குதிரைக்கு நான்கு வயது முடியட்டும். முதுகெலும்பு முழுக்க முற்றவே ஐந்தாறு வயது ஆகும். அதுவரை அவன் தேய்த்துவிடட்டும், கால் தூக்கிக் குளம்பு சுத்தம் செய்யட்டும்.

இப்போது பள்ளி. தனியாக நிற்கும் குதிரை சலிப்பில் கட்டையைக் கடிக்கும், ஆளையும் கடிக்கும். ஆனால் துணைக்கு ஒரு வெள்ளாடு போதும், அதற்காகக் கோவைக்கு அனுப்ப வேண்டியதில்லை. பழக்க உங்களுக்கு நேரமே இல்லையென்றால் மட்டும் விடுங்கள். புதிதாக வரும் குதிரையை மூன்று நான்கு வாரம் தனியே வைக்கிறார்களா, கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய். கேட்காத லாயத்தில் உங்கள் குதிரையை விடாதீர்கள். நள்ளிரவில் வலி வந்தால் யார் மருத்துவரை அழைப்பார், செலவு யாருடையது என்பதை எழுதி வாங்குங்கள். சேர்ப்பதற்கு முன் சொல்லாமல் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பாருங்கள்.