கண்ணகி நகர் பள்ளிகள்: டீச்சரிடம் கேட்டவை

கேள்வி: டீச்சர், சென்னை கண்ணகி நகர் அரசுப் பள்ளியையும் அடையாறு பக்கத்துப் பள்ளியையும் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை வைத்து ஒப்பிடலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். 2000 வாக்கில் தொடங்கி, கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலும் நகரின் நடுவிலும் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பழைய வேலையை விட முடியாத அம்மாக்கள் விடியுமுன் பஸ் பிடிக்கிறார்கள். தம்பி தங்கையைக் கிளப்பி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வகுப்புக்கு வருவது மூத்த பெண்தான். அவள் எடுக்கும் 300 மதிப்பெண்ணும், டியூஷன் வைத்துப் படிக்கும் பிள்ளையின் 300 மதிப்பெண்ணும் ஒன்றல்ல.

ஹெச்.எம்.மிடம் வேறொன்றைக் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? உதாரணத்துக்கு, ஒரு பள்ளியில் 60 பேரில் 45 பேர் எழுதி 43 பேர் பாஸ் என்றால் ரிசல்ட் 96 சதவீதம். இன்னொன்றில் 60 பேரில் 58 பேர் எழுதி 50 பேர் பாஸ் என்றால் 86தான். நான் என் பேத்தியை இரண்டாவது பள்ளியில்தான் சேர்ப்பேன். நடுவில் நின்றுபோன 15 பிள்ளைகள் முதல் பள்ளியின் ரிசல்ட்டில் எங்கேயும் வருவதில்லை.

கேள்வி: டிசம்பரில் வீட்டை இடித்து, இதேபோல் குடியமர்த்தும் இன்னொரு இடமான பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். டி.சி. வாங்க முடியவில்லை. ஆறாம் வகுப்புப் பையனைச் சேர்ப்பார்களா?

பதில்: சேர்த்தே ஆக வேண்டும் அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி அட்மிஷனை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பழைய பள்ளியில் பையனுக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை (அரசின் கல்விப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) கையோடு கொண்டுபோங்கள், வேலை சுலபமாகும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இப்படித்தான் பல குடும்பங்கள் படிப்பின் நடுவிலேயே இடம் மாறின. பரீட்சை முடியும்வரை காத்திருக்க முடியாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போனால் நல்லதுதானே?

பதில்: அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் வருமானச் சான்று வாங்கி, ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரிந்த பெற்றோர்தான் முதலில் கிளம்புகிறார்கள். ஹெச்.எம்.மை நேரில் கேள்வி கேட்கக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் போனபின் அரசுப் பள்ளிக்காகப் பேச ஆள் குறைகிறது.

கேள்வி: காலை உணவால் படிப்பு வருமா?

பதில்: பசியோடு கணக்கு ஏறாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. அதற்குமுன் காலை பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நானே தூக்கியிருக்கிறேன்.

கேள்வி: கூலி வேலை செய்கிறேன். பள்ளியில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

பதில்: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று நாளைக்கே கேளுங்கள் தம்பி. உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.